தொப்பையன் வருவான்

அன்புள்ள மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் மாமனார் நம் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் கூடத்தில் நாலு காலில் நின்று உறுமிக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு தலையணை. அது சரியாமலிருக்க உன் அம்மாவின் பழைய புடவையால் வயிற்றோடு சுற்றிக் கட்டியிருந்தேன். தலையில் முண்டாசு, அதற்குள் கொம்புக்காகச் செருகிய இரண்டு பிளாஸ்டிக் புனல். அவரோ பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். மடிப்புக் கலையாத சட்டை, முகம் தெரிகிற ஷூ. வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எழுந்துவிடலாம் என்று பார்த்தேன், முட்டி ஒத்துழைக்கவில்லை. "இன்னா சம்பந்தி, சவா?" என்று நலம் விசாரித்தார். "சவா, சவா" என்றேன் தரையிலிருந்தபடியே. கடைசியில் அவர்தான் அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார். உன் பிள்ளை எமில் மட்டும் குதித்துக் குதித்து, "ஆங்கோர் தாத்தா, ஆங்கோர்!" என்று மறுபடியும் செய்யச் சொன்னான். கழன்று விழுந்த புனல் ஒன்று உருண்டு போய் அந்த ஷூவில் முட்டி நின்றது.

அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஆனால் இந்தக் கடிதம் அந்த மானக்கேட்டைப் பற்றி இல்லை. இன்று காலை பாரிசுக்குத் திரும்ப விமானம் பிடிக்க உங்கள் கார் மெட்ராஸ் பக்கம் கிளம்பியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம் பிளாஸ்டிக் கடைக்குப் போனேன். ஒரு அம்மாள் மூடியுள்ள பக்கெட் கேட்டார்கள், நான் மூடியை மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன்னிடம் போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். அந்தச் 'சரிப்பா'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானும் என் அப்பாவிடம் சொன்னதுதான். அதனால் எழுதுகிறேன். உனக்கு அனுப்புவதோடு, ஊர் பேர் தெரியாதவர் கடிதத்தையும் போடுகிற நம் பேட்டைப் பத்திரிகைக்கும் ஒரு நகல் கொடுக்கப் போகிறேன். பேரப்பிள்ளைக்கு என்ன காட்டலாம், என்ன காட்டக் கூடாது என்று மகனிடம் திட்டு வாங்குகிற தாத்தா நான் ஒருத்தன்தானா என்று எனக்கும் தெரிய வேண்டும். பத்தாவது தவறியவன் எழுத்து. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

நீயும் மருமகளும் காரைக்காலுக்கு உறவுக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டீர்கள். எமிலை எங்களிடம் விட்டீர்கள். அதற்கு முந்தைய நாட்கள் அவன் எப்படி இருந்தான் என்று உனக்கு நினைவிருக்கும். வந்தவர்கள் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளி "தமிழ் பேசு, தமிழ் பேசு" என்றார்கள். அவன் என்னவோ சொல்வான், எங்களுக்கு ஏறாது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் மார்க்கெட்டில் வெள்ளைக்காரனுக்கு விலை சொல்கிற அளவுதான். நாங்கள் சொல்வது அவனுக்கு ஏறாது. கடைசியில் கத்துவான். டம்ளரைத் தூக்கி எறிவான். திரு இருதயப் படத்தின் கண்ணாடி போனது அப்படித்தான். உடனே எல்லோரும் சேர்ந்து அவன் மேல் பாய்வோம். அஞ்சு வயதுப் பிள்ளை மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

அப்போதுதான் மார்க்கெட் வாசலில் விசிடி விற்கிற பையனிடம் அந்த உறையைப் பார்த்தேன். அதே ஜந்து. நீ சின்னப் பையனாக இருந்தபோது சைக்கிள் பாரில் உன்னை உட்கார வைத்து மேட்டினி ஷோவுக்குக் கூட்டிப்போனேனே, அதே படம். அதே மொட்டைக் கொம்பு ரெண்டு, முதுகில் மேடு, தரையைத் தொடுகிற தொப்பை, பசுமாட்டுக் கண். அன்றைக்கு இங்கிலீஷில் பேசினார்கள், நமக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது தமிழ் பேசுகிறது. "கொழந்தைங்க படம்தான் சார், ஒருத்தரும் சாக மாட்டாங்க" என்றான் விசிடிக்காரன். தியேட்டரில் நீ அதற்கு வைத்த பெயர் எனக்கு அங்கேயே ஞாபகம் வந்துவிட்டது. தொப்பையன். பாதிப் படத்தில் எழுந்து நின்று "அப்பா, தொப்பையன் பாவம்பா" என்று நீ சத்தம் போட, முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கும் காது சுட்டது.

நீ படத்தைப் பார்க்காமலே குற்றம் சொன்னதால் கதையைச் சொல்கிறேன். கடலுக்கடியில் தூங்குகிற தொப்பையன் துறைமுகத்தில் வெடி வைத்ததில் முழித்துக்கொள்கிறான். கரையேறியவனுக்குத் திரும்பிப் போக வழி தெரியவில்லை. ஊருக்குள் நடக்கிறான். நடந்தால் பாலம் உடைகிறது, திரும்பினால் வால் பட்டு மாடி விழுகிறது. வேண்டுமென்று ஒன்றுமில்லை, அவன் உருவம் அப்படி. உறுமுகிறான். ஊரே அலறுகிறது, பட்டாளம் சுடுகிறது. ஒரு சின்னப் பெண்ணுக்கு மட்டும்தான் அந்த உறுமல் புரிகிறது. கடல் எந்தப் பக்கம் என்று வழி கேட்கிறான். அவள் வாயில் கை குவித்து ஊ... என்று கூப்பிட்டால் அவன் அடித்தொண்டையில் ஒரு முறை பதில் கொடுப்பான். நடுவில் மூன்று வால் பறவை ஒன்று பள்ளிக்கூட பஸ்ஸைத் தூக்கப் பார்க்கும், தொப்பையன் அதை அடித்து விரட்டுவான். பஸ்ஸை வாயில் கவ்வி, பூனை குட்டியைத் தூக்குகிற மாதிரி, மேட்டில் கொண்டுபோய் வைப்பான். ஊர்க்காரர்கள் எல்லோரும், ஒரு நாய் உட்பட, அந்த மேட்டில்தான் பத்திரமாக இருப்பார்கள். கடைசியில் அவன் கடலுக்குப் போகிறான். அந்தப் பெண் கூப்பிடுகிறாள். தண்ணீருக்கடியிலிருந்து பதில் வருகிறது, குமிழி வருகிறது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அவள் வீட்டுக்குத் திரும்புவாள்.

ரப்பர் சட்டைக்குள் ஒரு ஆள் நடக்கிறான் என்பது எனக்கே தெரிந்தது. முதுகில் ஜிப் தெரிந்தது. எமில்தான் முதலில் அதைக் கண்டுபிடித்துக் கையை நீட்டிச் சிரித்தான். அடுத்த காட்சியில் பட்டாளம் சுட்டதும் அதே பிள்ளையின் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஜிப்பும் தெரியும், வலிப்பதும் தெரியும். நமக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளத் தெரிகிறது. யாருக்கும் புரியாமல் உறுமிக்கொண்டு, தொட்டதையெல்லாம் உடைத்துக்கொண்டு, ஊரே விரட்ட விரட்டத் திரிகிற ஒரு ஜந்துவை அவன் பார்த்தபோது என்ன பார்த்தான் என்று நினைக்கிறாய்? நாற்காலியிலிருந்து இறங்கி டிவி பக்கத்தில் போய் நின்றான். திரும்பி என்னைப் பார்த்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அதற்கு எனக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

படம் முடிந்ததும் கடையில் விலைபோகாமல் பின்னறையில் கிடக்கிற சரக்கையெல்லாம் கூடத்துக்குக் கொண்டு வந்தேன். பக்கெட்டை மேல் மேலாக அடுக்கினால் மாடி வீடு. குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தால் கோயில். டிபன் டப்பா வரிசையாக வைத்தால் பஸ். தண்ணீர் மொள்கிற மக்கு எல்லாம் சின்னச் சின்னக் குடிசை. "இதாண்டா உங்க ஊரு பாரிசு, போ" என்றேன். அவன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, காலை அகட்டி வைத்து, ஒவ்வொரு மாடியாகச் சாய்த்துக்கொண்டு வந்தான். அந்தச் சத்தத்துக்கு உன் அம்மா அடுப்படியிலிருந்து, "மனுசன் குடியிருக்கிற வூடா இது!" என்று கத்தினாள். ஒன்றும் உடையவில்லை. பிளாஸ்டிக், தம்பி. விழும், உருளும், மறுபடி அடுக்கினால் நிற்கும். நிலைக்கதவு வரை ஒரு ஊரை அழித்துவிட்டு, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்ததும் அந்தப் பிள்ளை முகம் இருந்ததே! வந்ததிலிருந்து முதல் தடவையாக அன்று திட்டு வாங்காமல் ஒரு நாளைக் கழித்தான். அவனுக்குப் பெயரையும் சொல்லிக்கொடுத்தேன். அவன் வாயில் 'தொப்பயா' என்று வந்தது.

நீங்கள் திரும்பி வந்தது ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், படம் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்த நேரம். எமில் கை குவித்துக்கொண்டு "தொப்பயா!" என்று கூப்பிட, நான் கதவுக்குப் பின்னாலிருந்து உறும, நீ பையை அப்படியே கீழே போட்டாய். டிவியை அணைத்தாய். அந்த விசிடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

"இந்தப் பேர யாருப்பா அவனுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான். நீ வெச்ச பேருதானடா."

"அவனுக்கு அஞ்சு வயசு. இதெல்லாம் காட்டலாமா? உடைக்கிறது, நொறுக்குறது... ராத்திரி பயந்துக்குவான்."

"நீ அந்த வயசுல கைதட்டிக்கினு பாத்தவன்."

"கைதட்டுனேன். அப்பறம் இன்னா நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதா உங்களுக்கு?"

இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. நீ சொன்னாய். படம் பார்த்த மறுநாள் நீ சாப்பிட அடம் பிடித்தாய். நான் உன்னைச் சைக்கிளில் கடற்கரைக்குக் கூட்டிப்போய், புயலில் போன பழைய பாலத்தின் தூண்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினேனாம். "அதோ பாரு, தொப்பையன் பல்லு. சாப்பிடாத பசங்கள எண்ணிக்கினு படுத்திருக்கான். ஒரு வாய் மிச்சம் வெச்சாலும் வருவான்" என்றேனாம். அதற்கப்புறம் தினமும் சோற்றுத் தட்டோடு தொப்பையனும் வந்துகொண்டிருந்தானாம். உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாளாம்.

"நான் பீச்சுக்கே வராம வூட்டுலயே கெடந்தனே, ஏன்னு நெனச்சீங்க?"

"படிக்கிறன்னு நெனச்சேன்."

"பயம்பா. ஜன்னல சாத்திக்கினு உக்காந்திருந்தேன். வேற வேல இல்லாம படிச்சேன்."

உன் மாமனார் வீட்டிலும் மார்க்கெட்டிலும் நான் அடித்த பெருமையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போனது. கடலோரத்தில் பிறந்தவன் கடலைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்க்கிறானே, நம்ம ரத்தத்தில் இப்படியொரு பிள்ளையா என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நான் அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நீ பேசிக்கொண்டே போனாய். "அடுத்த வருசம் வந்தா ஓட்டல்ல தங்கிக்கிறோம்பா. பகல்ல வந்து பாத்துட்டுப் போறோம். அவனத் தனியா வுட மாட்டேன்." மருமகள் உன் கையைப் பிடித்து இழுத்தாள். நீ நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து எனக்கு உன் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யோசித்துப் பார். யாரோ முன்பின் தெரியாத தேசத்துக்காரர்கள் பாடுபட்டு, பிள்ளைகள் பயப்படாதபடி ஒரு பூதத்தைச் செய்து அனுப்புகிறார்கள். அதற்குப் பசுமாட்டுக் கண் வைக்கிறார்கள், தொப்பை வைக்கிறார்கள், ஒரு நாய்கூடச் சாகாமல் கதை எழுதுகிறார்கள். நான் அதை ஒரே நாளில் பூச்சாண்டியாக்கிச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். நமக்குக் கிடைத்ததையெல்லாம் பூச்சாண்டியாக்கத்தான் தெரியும். போலீஸ்காரர், ஊசி போடுகிற டாக்டர், வீதியில் போகிற தாடிக்காரர், எல்லோரையும் அப்படித்தான் செய்தோம். நீ பாவம் என்று அழுத ஜந்துவை உன் மேலேயே ஏவினேன். அது தப்பு. எழுதிவிட்டேன், போதுமா?

ஆனால் நீ செய்வதும் எனக்குப் பொறுக்கவில்லை. வாய் இல்லையா உனக்கு? அத்தனை வருஷத்தில் ஒரு தடவை, "அப்பா, அது பல்லு இல்ல, தூணுதானே?" என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே சிரித்திருப்பேனே! கேட்கத் தெரியாத வயசு என்பாய். சரி. இப்போது உன் பிள்ளைக்கும் அதே வயசு. அவனுக்குச் சொல்லத் தெரியாததைச் சொல்ல ஒரு ஜந்து கிடைத்தது. அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்கிறாயே. அவன் பயப்படவில்லை. பயந்தது நீ. உன் பயத்தை அவனுக்குச் சட்டையாகத் தைத்துப் போடாதே. நான் உனக்குத் தைத்துப் போட்டது போதும்.

நேற்று மத்தியானம் நடந்ததை நீயும் பார்த்தாய். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். வஞ்சிரம் குழம்பு. எமில் சோற்றைப் பிசைந்துவிட்டு உட்கார்ந்திருந்தான். உன் அம்மாவுக்கு எதுவும் மாறவில்லை. பழக்க தோஷம், விரலை ஆட்டிக்கொண்டு, "சாப்புடு ராசா, இல்லன்னா தொப்பையன் வந்துடுவான்!" என்றாள். உன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான் முள் எடுக்கிற சாக்கில் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மருமகள் யோசிக்காமல் அதை அப்படியே பிரெஞ்சில் அவனுக்குச் சொல்லிவிட்டாள். பிள்ளை என்ன செய்தான்? நாற்காலியிலிருந்து குதித்து ஜன்னலுக்கு ஓடினான். தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான். ஓடி வந்து, அடுப்படியிலிருந்து ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்து, தன் சோற்றில் பாதியை அதில் தள்ளி, மீன் துண்டையும் எடுத்து வைத்தான். "தொப்பயா" என்று அந்தத் தட்டைக் காட்டினான். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"இன்னாங்க இது, பயமுறுத்துனா விருந்து வெக்கிறான்!" என்றாள் உன் அம்மா.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் உதடும் ஒரு பக்கம் ஆடியதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைக்காதே. ஒரு நொடி நீயும் அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தாய். ஏதாவது சொல்லுவாய் என்று இருந்தேன். ஓட்டல் பேச்சை விட்டுவிடுவாய் என்று இருந்தேன். நீ தொண்டையைக் கனைத்துவிட்டு, "சாப்புடு, ஆறிடும்" என்றாய். அவ்வளவுதான். அந்த இரண்டாவது தட்டுச் சோற்றை யாரும் பார்க்காதபோது நான்தான் தின்று தீர்த்தேன். காலித் தட்டைப் பார்த்து எமில் அடைந்த சந்தோஷம் உனக்குத் தெரியாது, நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய்.

மகனே, நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதியில்லாதவன். தலையில் புனல் கட்டிக்கொண்டு சம்பந்தியிடம் மாட்டியவன். ஆனாலும் கேட்டு வை. உன் வீட்டில் அவனுக்கு உடையாத சாமான்களாகக் கொஞ்சம் வாங்கிப் போடு. அடுக்கிக் கொடு. சாய்க்கட்டும். அவன் கத்தும்போது என்ன கேட்கிறான் என்று ஒரு நிமிஷம் நின்று பார், பெரும்பாலும் வழிதான் கேட்பான். அந்த விசிடி உன் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அம்மா துவைக்கப் போடும்போது பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். முதலில் நீ தனியாகப் பார். ஜிப்பைப் பார். கடைசிக் காட்சி வரைக்கும் பார். அடுத்த வருஷம் ஓட்டலில் தங்குவதானால் தங்கு. தொப்பையன் வருவான். அங்கே வழவழ என்று தரை போட்டிருப்பார்கள், என் முட்டிக்கு அது இன்னும் வசதி.

கடைசியாக ஒன்று. இன்று காலை நீ முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாய். உன் மாமனார் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். எதிர் வீட்டுக்காரர்கள், இஸ்திரி வண்டிக்காரர், எல்லோரும் வாசலில். கார் நகர்ந்தபோது எமில் பின் கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி, இரண்டு கையையும் வாயில் குவித்தான். ஊ... என்று கூப்பிட்டான். உன் முகம் பக்கக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அசட்டுச் சிரிப்போடு, "பாத்துப் போயிட்டு வாங்க, தண்ணி பாட்டில் எடுத்துக்கினீங்களா?" என்றேன். பிள்ளை மறுபடியும் கூப்பிட்டான். கையை எடுக்காமல், தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் காத்திருந்தான். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவன் அப்படியேதான் இருந்தான்.

சம்பந்தி நிற்கிறாரே என்று பார்த்தேன், தெரு நிற்கிறதே என்று பார்த்தேன், நீ கோபித்துக்கொள்வாயே என்று பார்த்தேன். அடித்தொண்டை வரைக்கும் வந்த அந்த ஒரு உறுமலை நான் வாய் திறந்து விடவில்லை.